மூன்று நட்சத்திரம் தெரிந்தால் சனிக்கிழமை முடிந்தது

2003-ஆம் ஆண்டு ஜனவரி 16. அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கொலம்பியா விண்கலம் ஏழு பேரோடு கிளம்பியது. அந்த எழுவரில் கல்பனா சாவ்லாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவரோடு சென்ற இன்னொருவர் இலான் ரமோன். இஸ்ரேல் நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் ஆள். பயணத்துக்கு முன்பே அவர் யூத மத குருமார்களிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். விண்வெளியில் சனிக்கிழமை எப்போது வரும் என்பதுதான் அந்தச் சந்தேகம்.

கேட்டதும் சிரிப்பு வரலாம். கொஞ்சம் யோசித்தால் எவ்வளவு சிக்கலான கேள்வி என்று புரியும். யூதர்களுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். அவர்கள் அதை ஷபாத் என்பார்கள். அது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, மறுநாள் இருட்டி மூன்று நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரியும்போது முடிகிறது. கொலம்பியாவோ சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றிவிடும். நம்முடைய ஒரு நாளுக்குள் அங்கே 16 முறை சூரியன் உதித்து மறையும். ஒவ்வொரு சுற்றையும் ஒரு நாளாக எண்ணினால், பத்தரை மணி நேரத்துக்கு ஒரு ஓய்வுநாள் வந்து நிற்கும்!

குருமார்கள் ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்கள். ரமோன் தான் கிளம்பிய புளோரிடாவின் நேரத்தையே வைத்துக்கொள்ளலாம், அங்கே வெள்ளி மாலை வரும்போது அவருக்கும் ஓய்வுநாள் என்றார்கள். யூத மதத்தைப் பற்றி அறிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன். வானத்தைப் பார்த்து நேரம் குறித்து, அந்த நேரத்தையே புனிதமாகக் கருதும் மதம் அது.

யூதர்கள் யார்?

உலகம் முழுவதும் சேர்த்து யூதர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்தான். தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குகூட வராது. அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வாழ்கிறார்கள்.

கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை என்பது அவர்களுடைய அடிப்படை நம்பிக்கை. அதனால் அவர்கள் வழிபடும் ஜெப ஆலயத்தில் சிலையோ கடவுள் படமோ இருக்காது. ஆபிரகாம் என்ற மூதாதையோடு கடவுள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார் என்றும், எகிப்தில் அடிமைகளாக இருந்த அவருடைய வழிவந்தவர்களை மோசே என்ற தலைவர் மீட்டு வந்தார் என்றும், சீனாய் மலையில் கடவுள் அவர்களுக்குக் கட்டளைகள் தந்தார் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். இந்தப் பெயர்களை எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? வகுப்பில் உள்ள கிறிஸ்தவ நண்பரையும் முஸ்லிம் நண்பரையும் கேட்டுப் பாருங்கள். இருவருமே ஆபிரகாமையும் மோசேயையும் அறிவார்கள். முஸ்லிம் நண்பர் இப்ராகிம் நபி, மூசா நபி என்று சொல்வார். இயேசு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

யூதர்களின் புனித நூல்களில் முதன்மையானது தோரா. ஐந்து நூல்கள் சேர்ந்தது. ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா இன்றும் அச்சில் வருவதில்லை. பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், மசி தொட்டு, கையால் எழுதுகிறார்கள். மொத்தம் 3,04,805 எழுத்துகள். எழுதி முடிக்க ஓர் ஆண்டு போல ஆகும். ஓர் எழுத்து பிழையானாலும் அதைத் திருத்தும்வரை அந்தச் சுருளை வழிபாட்டில் வாசிக்க மாட்டார்கள். வாசிக்கும்போது எழுத்தின்மேல் விரல் படாமலிருக்க, நுனியில் சின்னக் கை வடிவம் உள்ள ஒரு குச்சியால் வரியைக் காட்டிக்கொண்டே போவார்கள். வாரம் ஒரு பகுதியாக ஓர் ஆண்டில் முழுவதையும் வாசித்து முடித்து, அதே நாளில் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். அந்த நாளில் பெரியவர்களும் பிள்ளைகளும் சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே யூத வீடுகளில் அவசரம் தொற்றிக்கொள்ளும். சமைத்து, வீட்டைப் பெருக்கி, குளித்து எல்லாவற்றையும் சூரியன் மறைவதற்குள் முடிக்க வேண்டும். மறைவதற்குச் சுமார் 18 நிமிடம் முன்பு வீட்டில் மெழுகுவத்திகள் ஏற்றுவார்கள். மேசையில் பின்னல் போட்ட ரொட்டி இரண்டு, துணி மூடி வைத்திருக்கும். ஒரு கோப்பையில் திராட்சை ரசம். பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி சொல்வார்கள். பிறகு பாட்டும் சாப்பாடும்.

அதற்குப் பிறகு வேலை கிடையாது. எது வேலை என்பதற்கும் பட்டியல் உண்டு. உழுதல், விதைத்தல், நெய்தல், எழுதுதல், எழுதியதை அழித்தல், தீ மூட்டுதல், தீயை அணைத்தல் என்று 39 வகைகளைப் பழைய அறிஞர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். மின்விளக்கைப் போடுவதும் கூடாது என்பது கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களின் முடிவு. அதனால் இஸ்ரேலில் சில கட்டடங்களில் ஷபாத் லிஃப்ட் இருக்கிறது. பொத்தானை யாரும் அழுத்த வேண்டாம், அதுவாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். சூடான சாப்பாட்டுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். இறைச்சி, பயறு, தானியம் எல்லாம் சேர்த்து வெள்ளி மாலையே மெல்லிய சூட்டில் வைத்துவிட்டால், சனி மதியம் வரை அது வெந்துகொண்டே இருக்கும். எல்லா யூதர்களும் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. காரில் ஜெப ஆலயத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விதியில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓய்வுநாள் விதிகளை மீறலாம் என்பதல்ல, மீறியே ஆக வேண்டும்.

இந்த ஓய்வுநாளுக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கடற்கரையில் பெனே இஸ்ரேல் என்ற யூத சமூகத்தினர் பல நூற்றாண்டுகளாக எண்ணெய் ஆட்டும் தொழில் செய்துவந்தார்கள். சனிக்கிழமை மட்டும் அவர்களுடைய செக்கு ஓடாது. அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் அவர்களை 'சனிக்கிழமை வாணியர்' என்றே மராத்தியில் அழைத்தார்கள்.

இனி அந்த மூன்று நட்சத்திரங்களுக்கு வருவோம். சூரியன் மறைந்ததும் வானம் உடனே இருண்டுவிடாதது ஏன்? சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபிறகும் அதன் ஒளி மேலே உள்ள காற்றில் பட்டுச் சிதறி நமக்கு வந்துகொண்டிருக்கும். அதுதான் அந்தி வெளிச்சம். பகலிலும் நட்சத்திரங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. சிதறிய ஒளியின் பிரகாசத்தில் அவை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஒரு நட்சத்திரம் தெரிந்தால் இன்னும் பகல், இரண்டு தெரிந்தால் அந்தி, மூன்று தெரிந்தால் இரவு என்று யூதர்களின் பழைய நூலான தல்மூத் வகுத்திருக்கிறது. பெரிய நட்சத்திரங்கள் கணக்கில் வராது, நடுத்தரமானவை மூன்று தெரிய வேண்டும். இன்றைய கணக்கில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் எட்டு பாகை இறங்கும்போது இது நடக்கிறது. எருசலேமில் அதற்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் இன்னும் சீக்கிரமே இருட்டிவிடும். லண்டன் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நார்வேயின் வடகோடியிலோ கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் மறைவதே இல்லை. அங்கே வாழும் யூதர்களுக்கும் விண்வெளி வீரர் கேட்ட அதே சந்தேகம் வரும்!

நட்சத்திரங்கள் தெரிந்ததும் பல திரிகள் சேர்த்துப் பின்னிய ஒரு மெழுகுவத்தியை ஏற்றுவார்கள். கிராம்பு, பட்டை போன்ற வாசனைப் பொருள்கள் உள்ள சின்னப் பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு சுடரைத் திராட்சை ரசத்தில் தோய்த்து அணைப்பார்கள். வேலை நாட்கள் தொடங்கிவிட்டன.

பிறையைப் பார்த்தவர் யார்?

நாளைச் சூரியனும் நட்சத்திரமும் காட்டின. மாதத்தை நிலா காட்டியது. மாலையில் மேற்கே மெல்லிய பிறை தெரிந்தால் புதிய மாதம் பிறந்தது என்று பொருள். மாதத்துக்கு 29 நாளா, 30 நாளா என்பது அந்தப் பிறையைப் பொறுத்தது. யார் பார்ப்பது? யார் அறிவிப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு எருசலேமில் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் கூடியது. பிறையைப் பார்த்தவர்கள் அங்கே வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர்கள் ஆர்வமாக வர வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய முற்றத்தில் விருந்தும் வைத்தார்கள். ஓய்வுநாளில் தொலைவு நடக்கக் கூடாது என்ற விதிகூட அவர்களுக்காகத் தளர்ந்தது. சாட்சிகள் சோடி சோடியாக வருவார்கள். அவர்களில் மூத்தவரை முதலில் தனியாக அழைத்து விசாரிப்பார்கள். பிறை சூரியனுக்கு வடக்கே இருந்ததா, தெற்கே இருந்ததா? எவ்வளவு உயரத்தில் இருந்தது? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? எவ்வளவு தடிமன்? பிறகு இரண்டாமவரை அழைத்து அதே கேள்விகள். இரண்டு பேரும் சொல்வது பொருந்தினால்தான் சாட்சி செல்லும். அதன்பின் நீதிமன்றத் தலைவர், மாதம் புனிதமானது என்று அறிவிக்க, கூடியிருந்த மக்கள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள்.

கேள்விகளில் ஒன்று நல்ல பொறி. பிறையின் குழிந்த பக்கம் சூரியனைப் பார்த்தபடி இருந்ததா என்பது அது. ஆமாம் என்றால் அந்த ஆள் பிறையைப் பார்க்கவே இல்லை! நிலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய வெளிச்சம் படும் பக்கம்தான் நமக்குத் தெரிகிறது. ஆகவே புடைத்த பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும், குழிந்த பக்கம் எதிர்த்திசையில் இருக்கும். இது மாறவே மாறாது. நாம் படம் வரையும்போது பிறையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரத்தை வைத்துவிடுகிறோம். அதுவும் நடக்காத காரியம். அங்கே இருட்டாக இருப்பதும் நிலாதான். பின்னால் உள்ள நட்சத்திரத்தை அது மறைத்துவிடும்.

கி.பி. 70-இல் ரோமானியப் படை எருசலேமைப் பிடித்து யூதர்களின் ஒரே கோயிலை இடித்தது. அதன்பின் அறிஞர்கள் யவ்னே என்ற ஊரில் கூடினார்கள். அங்கே தலைவராக இருந்தவர் கமாலியேல். அவர் தம் மாடி அறையின் சுவரில் நிலாவின் பல வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். சாட்சிகளாக வருபவர்கள் பெரும்பாலும் எளிய மக்கள். பாகை, சாய்வு என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் பார்த்தது இப்படி இருந்ததா, இல்லை இப்படியா என்று படத்தைக் காட்டிக் கேட்பார். கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாடம் நடத்தவும் தகவல் சேகரிக்கவும் படவிளக்கம் வைத்திருந்தார் என்பது எனக்குப் பெரும் வியப்பு.

ஒருமுறை இரண்டு சாட்சிகள் வந்து பிறையைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆனால் மறுநாள் இரவு அது தெரியவே இல்லை. கமாலியேல் அவர்களுடைய சாட்சியை ஏற்றுக்கொண்டார். அது தவறு என்று யோசுவா என்ற அறிஞர் நினைத்தார். வெறும் கருத்து வேறுபாட்டோடு இது நிற்காது. அந்த மாதத்தின் பத்தாம் நாள்தான் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு கேட்டு எல்லோரும் நோன்பு இருக்கும் ஆண்டின் மிகப் புனிதமான நாள். மாதப் பிறப்பு ஒரு நாள் மாறினால் நோன்பும் மாறும். கமாலியேல் கட்டளை அனுப்பினார். யோசுவாவின் கணக்குப்படி எந்த நாள் யோம் கிப்பூரோ, அதே நாளில் அவர் கையில் தடியும் பணமும் எடுத்துக்கொண்டு தம்மிடம் நடந்து வர வேண்டும் என்றார். புனித நாளில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். தம் கணக்கைத் தாமே விட்டுக்கொடுக்கச் சொல்லும் கட்டளை அது.

யோசுவா மிகவும் வருந்தினார். நண்பர்களிடம் ஆலோசனை கேட்டார். கடைசியில் தடியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தார். அவரைக் கண்டதும் கமாலியேல் எழுந்து நின்று, அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் நீங்கள் என் ஆசிரியர் என்று வரவேற்றார்.

யோசுவா சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் கோயிலும் போய், நாடும் கைவிட்டுப் போன ஒரு மக்கள் கூட்டம் ஆளுக்கொரு நாளில் நோன்பு இருந்தால் சிதறியே போயிருக்கும். அவர்களைச் சேர்த்துப் பிடித்தது பொதுவான நாள்காட்டி என்பதுதான் என் எண்ணம். அதைக் காப்பாற்றத் தம் கணக்கை விட்டுக்கொடுத்த யோசுவாவே இந்தக் கதையின் பெரிய மனிதர்.

மலையில் தீ, பிறகு கணக்கு

மாதம் பிறந்தது என்று எருசலேமில் முடிவானால் தொலைவில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? நீண்ட தேவதாருக் கழிகளில் நாணலும் சணல் துரும்பும் கட்டிக் கொளுத்தி, ஒலிவ மலை உச்சியில் ஒருவர் முன்னும் பின்னுமாக, மேலும் கீழுமாக அசைப்பார். அடுத்த மலையில் அதேபோல் தீ அசைவது தெரியும்வரை நிறுத்த மாட்டார். இப்படி மலைக்கு மலை தாவி, செய்தி பாபிலோன் நோக்கிப் போகும். இடையில் வேறு பிரிவினர் தவறான நாளில் தீ மூட்டிக் குழப்பியதால், ஆள் அனுப்பிச் செய்தி சொல்லும் முறைக்கு மாறினார்கள். அப்படி ஆள் போய்ச் சேர முடியாத தொலைவில் இருந்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாள் பண்டிகையை இரண்டு நாள் கொண்டாடினார்கள். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் பல யூதர்கள் இன்றும் அதைத் தொடர்கிறார்கள்.

நாளடைவில் சாட்சி கேட்பதும் தூதர் அனுப்புவதும் சாத்தியமில்லாமல் போயின. அடக்குமுறை அதிகமானது. யூதர்கள் பல நாடுகளில் சிதறினார்கள். அப்போது கண்ணால் பார்ப்பதை விட்டுக் கணக்குக்கு வந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் என்ற தலைவர் அந்தக் கணக்கை வெளியிட்டார் என்பது மரபு. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடஸ் என்ற அறிஞர் அதை முழுமையாக விளக்கி எழுதினார். அவர் மருத்துவரும்கூட.

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கைப் பார்ப்போம். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 793 பகுதி என்று வைத்தார்கள். பகுதி என்பது என்ன? ஒரு மணி நேரத்தை 1080 ஆகப் பிரித்தார்கள். 1080-ஐ 2, 3, 4, 5, 6, 8, 9, 10 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுக்கலாம், அதனால் கணக்குப் போட வசதி. ஒரு பகுதி நம்முடைய மூன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம். 793 பகுதி என்பது 44 நிமிடம், 3 விநாடி, இன்னும் கொஞ்சம். இன்றைய வானியலாளர்கள் அணுக்கடிகாரம் வைத்து அளந்து சொல்லும் சராசரிக்கும் இதற்கும் வேறுபாடு ஏறக்குறைய அரை விநாடிதான்! பாபிலோனிய வானியலாளர்கள் பல தலைமுறைகளாகக் கிரகணங்களைக் குறித்து வைத்துக் கண்ட அளவு இது. கிரேக்கர்களும் இதையே பயன்படுத்தினார்கள். யூத மாதங்களின் நிசான், தம்மூஸ், கிஸ்லேவ், ஆதார் என்ற பெயர்களும் பாபிலோனிலிருந்து வந்தவையே.

சிக்கல் அடுத்ததுதான். 12 நிலா மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். சூரியன் காட்டும் ஆண்டுக்கு 365 நாளும் கால் நாளும். வருடத்துக்கு 11 நாள் குறைகிறது. இந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிட்டதால்தான் ரம்ஜான் ஒவ்வொரு ஆண்டும் முன்னே நகர்ந்து, எல்லாப் பருவங்களிலும் வந்து போகிறது. யூதர்கள் அப்படி விட முடியாது. எகிப்திலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பாஸ்கா வசந்த காலத்தில்தான் வர வேண்டும் என்பது தோராவின் கட்டளை. ஆகவே சில ஆண்டுகளில் 13-ஆவதாக ஒரு மாதம் சேர்த்தார்கள். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாதமும் இதே சிக்கலுக்குத்தான்.

எத்தனை முறை சேர்ப்பது? 19 ஆண்டுக்கு 7 முறை. 19-ஐ 12-ஆல் பெருக்கினால் 228. ஏழு கூட்டினால் 235 மாதங்கள். இந்த 235 நிலா மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் ஏறக்குறைய சமம், வேறுபாடு இரண்டு மணி நேரம்தான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து மீட்டனும் இதைச் சொன்னார்.

யூத ஆண்டு எண்ணை 19-ஆல் வகுங்கள். மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 என்று வந்தால் அது 13 மாத ஆண்டு. 2025 செப்டம்பர் 22 மாலையில் பிறந்தது 5786. வகுத்தால் மீதி 10, எனவே 12 மாதம்தான். அடுத்த 5787-க்கு மீதி 11, எனவே 13 மாதம். அதனால் 2026-இல் ஏப்ரல் 1 மாலை வரும் பாஸ்கா 2027-இல் ஏப்ரல் 21 மாலைக்குத் தள்ளிப் போகிறது. 5786 என்ற எண் எங்கிருந்து வந்தது? பழைய குருமார்கள் வேத நூலில் உள்ள தலைமுறைகளைக் கூட்டி, படைப்பு முதல் இத்தனை ஆண்டு என்று கணக்கிட்டார்கள். பேரண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு என்று அறிவியல் காட்டுகிறது. இதை ஏற்கும் யூதர்கள் பலர். 5786-ஐ அவர்கள் மரபான ஆண்டு எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள்.

நிலா காட்டும் பண்டிகைகள்

மாதம் பிறையில் தொடங்குவதால் 15-ஆம் நாள் பௌர்ணமியை ஒட்டியே வரும். பாஸ்கா நிசான் மாதம் 15-ஆம் நாள். அதனால் எந்த ஆண்டிலும் அந்த இரவில் நிலா ஏறக்குறைய முழுதாக ஒளிவிடும். இயேசு சீடர்களோடு கடைசியாக உணவருந்தியது பாஸ்கா காலத்தில்தான். கிறிஸ்தவர்களின் ஈஸ்டரும் நிலாவைப் பார்த்து நாள் மாறுவதற்குக் காரணம் அதுவே.

பாஸ்கா இரவில் முதல் பேச்சு குழந்தைகளுடையது. குடும்பத்தில் மிகச் சின்னப் பிள்ளை எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பதிலாகப் பெரியவர்கள் அடிமைத்தனத்தின் கதையைச் சொல்வார்கள். கசப்புக் கீரை தின்பது அடிமை வாழ்வின் கசப்புக்காக. உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்பது கண்ணீருக்காக. அவசரமாகக் கிளம்பியதால் மாவு பொங்க நேரமில்லை என்பதன் நினைவாகப் புளிக்காத ரொட்டி. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அதைச் சுட்டு எடுத்துவிட வேண்டும். கோதுமை மாவிலும் காற்றிலும் இயற்கையாகவே ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்கள் உண்டு. ஈரம் கிடைத்ததும் அவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். நம் தோசை மாவு இரவெல்லாம் பொங்குவதும் இப்படித்தான், அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா. அந்த வேலை தொடங்குவதற்குள் அடுப்புக்குப் போய்விட வேண்டும் என்பதே 18 நிமிட விதி.

மற்ற பண்டிகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புத்தாண்டான ரோஷ் ஹஷானா, நிலா ஏறக்குறைய தெரியாத நேரத்தில் வரும். ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள், ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்பார்கள். பத்தாம் நாள் யோம் கிப்பூர், சுமார் 25 மணி நேரம் தண்ணீரும் குடிக்காத நோன்பு. சிறுவர்களுக்கு அது கட்டாயமில்லை. அதையடுத்த பௌர்ணமியில் சுக்கோத். வீட்டுக்கு வெளியே குடிசை போட்டு ஒரு வாரம் அதில் சாப்பிடுவார்கள். தழையால் வேய்ந்த கூரை வழியே நட்சத்திரம் தெரியும்படி இருப்பது நல்லது. கிஸ்லேவ் 25-இல் தொடங்கும் ஹனுக்காவில் தினம் ஒரு தீபம் கூட்டி எட்டு இரவு விளக்கேற்றுவார்கள். நாளைக் கவனியுங்கள். தேய்பிறையின் கடைசியில் தொடங்கி, அமாவாசையைத் தாண்டி, அதுவும் நீண்ட குளிர்கால இரவுகளில். ஆண்டின் மிக இருண்ட இரவுகளில் சில அவை.

சாப்பாட்டிலும் அவர்களுக்கு உயிரியல் பாடம் உண்டு. பிளவுபட்ட குளம்பும் இருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். அப்படிப்பட்ட விலங்கின் இறைச்சியைத்தான் உண்ணலாம். ஆடும் மாடும் தேறும், அசை போடாத பன்றி தேறாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும், இறாலும் நண்டும் கூடாது. இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, அவற்றுக்குத் தனித்தனிப் பாத்திரம்.

பதின்மூன்று வயது

ஆண் பிள்ளைக்கு 13, பெண் பிள்ளைக்கு 12 வயதானதும் கட்டளைகளுக்கு அவர்களே பொறுப்பு. அந்த நாளில் தோராச் சுருளிலிருந்து சபை முன்னால் வாசிக்கும் வழக்கம் உண்டு. அந்த எழுத்தில் உயிர்க்குறிகள் இருக்காது. பல மாதம் பயின்றால்தான் தடுமாறாமல் வாசிக்க முடியும்.

இலான் ரமோன் விண்வெளிக்கு எடுத்துச் சென்ற பொருள்களில் உள்ளங்கை அளவுள்ள ஒரு தோராச் சுருளும் இருந்தது. அதன் கதையை நீங்கள் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். பெர்கன்-பெல்சன் என்ற வதைமுகாமில் அடைபட்டிருந்த ஒரு சிறுவனுக்கு 1944-இல் 13 வயது. அங்கே ஒரு குரு இந்தச் சின்னச் சுருளை ஒளித்து வைத்திருந்தார். சிறுவனுக்கு ரகசியமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்து, விடியும் முன் யாரும் அறியாமல் அவன் சடங்கை நடத்தி வைத்தார். பிறகு சுருளை அவனிடமே கொடுத்து, தப்பிப் பிழைத்தால் இந்தக் கதையை உலகுக்குச் சொல் என்றார். அந்தக் குரு முகாமிலேயே இறந்துபோனார். சிறுவன் பிழைத்தான். வளர்ந்து இயற்பியல் பேராசிரியரானான். யோவாகிம் யோசேப் என்ற அவர்தான், பாலைவனத் தூசி வானிலையை எப்படிப் பாதிக்கிறது என்று கொலம்பியாவிலிருந்து ஆராய்ந்த குழுவின் முக்கிய அறிவியலாளர்களில் ஒருவர். அந்த ஆய்வை விண்கலத்தில் நடத்தியவர் ரமோன். 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை, தரையிறங்கும் வழியில் கொலம்பியா சிதறியது. கல்பனாவும் ரமோனும் மற்ற ஐவரும் மறைந்தார்கள். சுருளும் அவர்களோடு போயிற்று. ஆனால் குரு கேட்டுக்கொண்டபடி அதன் கதை உலகம் முழுக்கச் சொல்லப்பட்டுவிட்டது.

பக்கத்திலேயே யூதர்களின் சுவடுகளைப் பார்க்க விரும்பினால் கொச்சிக்குப் போகலாம். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்பு பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னர் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சியிலிருந்த யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். தோராச் சுருள்களை வைக்கும் பேழை எருசலேமை நோக்கி இருக்க வேண்டும். ஐரோப்பாவில் அது கிழக்குச் சுவரில் இருக்கும். கொச்சியில் எந்தச் சுவரில் இருக்கும்? உலக வரைபடத்தைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

அடுத்த அமாவாசை முடிந்து ஓரிரு நாளில், சூரியன் முழுதாக மறைந்த பிறகு மேற்கே பாருங்கள். தொலைநோக்கி வேண்டாம். நீங்களும் ஒரு நண்பரும் வேறு வேறு இடத்தில் நின்று, ஒருவரோடொருவர் பேசாமல் பாருங்கள். சூரியன் மறைந்த இடத்துக்கு வடக்கே இருந்ததா, தெற்கேயா? எத்தனை விரல் உயரம்? எந்தப் பக்கம் சாய்வு? படம் வரைந்து, தேதியும் மணியும் குறித்து, இரண்டு பேருடைய தாள்களையும் எங்களுக்கு அனுப்புங்கள்.